நாலு கேரியர் கடலோடு போன கதை

எனக்குக் கேரியர் என்றால் ஒன்றுதான். பித்தளையில் செய்து, உள்ளே ஈயம் பூசி, சோறு ஒரு தட்டு, குழம்பு ஒரு தட்டு, கறி ஒரு தட்டு என்று அடுக்கி, பக்கத்துக் கொக்கியை மாட்டித் தூக்கிப் போகிற பாத்திரம். என் கணவரைக் கேட்டால் சைக்கிளின் பின்னால் மூட்டை கட்டுகிற இடமும் கேரியர்தான் என்பார். அவர் இங்கிலீஷ் படித்தவர். ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் போதும் என்று அவருடைய பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தம் இருந்தது எனக்குத் தெரியாமல் போனதால்தான் அவர் தலை தப்பியது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் சிரிப்பதற்கு இருப்பதே அதனால்தான்.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து அரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த காலம் அது. சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் நாங்கள் இரண்டு பேரும் குடியிருந்தோம். அவர் துறைமுகத்தில் குமாஸ்தா. வெள்ளைக்காரனுக்கு எழுதிய அதே மேசையில் உட்கார்ந்து இப்போது ஜப்பான்காரனுக்கு எழுதினார். சம்பளம் பேருக்குத்தான். அதனால் நான் சாப்பாடு போட ஆரம்பித்தேன். கல்யாணமாகாத குமாஸ்தாக்கள் தங்களுக்குக் கிடைக்கும் ரேஷன் அரிசியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடுவார்கள். எல்லாருடைய அரிசியையும் ஒன்றாக்கி, மரவள்ளிக்கிழங்கும் சேர்த்துச் சமைத்து, அவரவர் பங்கைக் கேரியரில் அனுப்புவேன். என் பங்கும் அவர் பங்கும் அந்தப் பானையிலேயே வெந்துவிடும். பிழைப்பு அப்படி ஓடியது.

ஆறு கேரியர் இருந்தன. இரண்டு டவுனுக்குள்ளேயே போகும். நாலு, கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் ரயில் வேலை பார்த்தவர்களுக்குப் படகேறிப் போகும். எல்லாவற்றிலும் என் பெயர் வெட்டியிருக்கும். என் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து என் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த கேரியரும் அந்த நாலில் ஒன்று.

எடுத்துப் போகிறவர் ஒரு முஸ்லிம் அண்ணன். சந்தில் எல்லாரும் பாய் என்பார்கள். சண்டைக்கு முன்னால் அவர் தோளில் காவுதடி போட்டு, ஒரு பக்கம் சோற்றுப் பானையும் ஒரு பக்கம் கறிச் சட்டியும் தொங்கவிட்டு நாசி கண்டார் விற்றவர். அரிசியே இல்லாத ஊரில் நாசி கண்டாருக்கு என்ன வேலை. தடி சும்மா இருந்தது, எனக்கும் ஆள் வேண்டியிருந்தது. மத்தியானம் தடியின் இரண்டு பக்கமும் கேரியரை மாட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் அசர் தொழுதுவிட்டு வெறும் கேரியர்களோடு திரும்புவார். கேரியர்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் அவருக்கு முன்னால் சந்துக்குள் வந்துவிடும்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டைக்கு முந்தின வருஷம் எனக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்த படுக்கையாகிவிட்டேன். என்னைப் பார்க்க வந்திருந்த அக்கா, நீ எழுந்து நடக்கும்வரை நான் வைத்திருக்கிறேன் என்று குழந்தையை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போனாள். நான் எழுந்து நடந்தேன். அதற்குள் கப்பல் ஓட்டம் நின்றுவிட்டது, தபால் நின்றுவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

சிங்கப்பூர் விழுந்தபோதுகூட என் கணவர் நிமிர்ந்துதான் நடந்தார். கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டோம் என்று ஜப்பான் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்த நாளிலிருந்துதான் மனுஷன் ஒடிந்து போனார். அடுத்தது அவர்கள் இலங்கையில் இறங்குவார்கள் என்று ஊரே பேசியது. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஆறுதலாக நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் பேச்சை மாற்றிவிடுவார். எனக்குக் கோபம் கோபமாக வரும். பிள்ளை எனக்கும் பிள்ளைதானே. ஆனால் நான் அழுதால் அவர் இன்னும் ஒடிந்து போவார் என்று நான் அழவும் இல்லை. அப்படியே இரண்டு பேரும் கல்லு மாதிரி இருந்தோம்.

அவருக்கு ஒரே ஒரு போக்கிடம் டவுனுக்கு வெளியே இருந்த கெலுகோர். அங்கே அவருடன் படித்த ஒரு வாத்தியார் இருந்தார். ஜப்பான்காரன் ஊரில் ரேடியோக்களையெல்லாம் வாங்கி முத்திரை வைத்தபோது, வாத்தியார் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றைக் கோழிக்கூட்டுக்குள் மறைத்துவிட்டார். மரவள்ளி வாங்கப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு என் கணவர் அங்கே போவார். கிழங்கும் வாங்குவார், செய்தியும் கேட்பார். ரேடியோ கேட்டுப் பிடிபட்டவர்களை ராணுவப் போலீஸ் என்ன செய்யும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு, வந்தவர்களும் பழைய ஆட்களாக வரவில்லை. போகாதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். கிழங்கு வேண்டாமா என்று கேட்டார். கிழங்கு வேண்டியதாகத்தான் இருந்தது.

அன்று துறைமுகத்துக்கு விடுமுறை, டவுன் கேரியர் இரண்டும் வீட்டிலேயே இருந்தன. மத்தியானம் பாய் கேரியர்களை எடுத்துக்கொண்டு பிறைக்குப் போய்விட்டார். நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிளைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, மாதக்கணக்கில் நான் கேட்காத ஒரு குரல் கேட்டது. என் கணவர் சந்தோஷமாக இருக்கும்போது பேசுகிற குரல்.

"இஞ்சேரும், நாலு கேரியரும் கடலுக்குள்ள போச்சுதாம்."

வீட்டுக்குள் எங்களுக்கு யாழ்ப்பாணப் பேச்சு, வாசலைத் தாண்டினால் பினாங்குப் பேச்சு. அவர் வாசலில் நின்றுகொண்டு வீட்டுப் பேச்சைப் பேசினார், அதுவும் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி. பிறகு கேட்டதற்கு, இங்கிலீஷ் வார்த்தைதானே, இந்தச் சந்தில் யாருக்கு விளங்கப் போகிறது என்று நினைத்தாராம். படித்த படிப்பு அவ்வளவுதான். அந்தச் சந்தில் கேரியர் தெரியாத குழந்தைகூடக் கிடையாது.

நாலு கேரியர். பித்தளைப் பாத்திரம் ஒரு கரண்டிகூடக் கடையில் கிடைக்காத காலம். தேய்த்துக்கொண்டிருந்த கரண்டியோடு அஞ்சடிக்கு ஓடி வந்தேன். கடைவீடுகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடுகிற அந்த நடைபாதையில்தான் எங்கள் சந்தின் சுகதுக்கமெல்லாம் நடக்கும். எந்தப் படகு, எந்த இடம், பாய் என்ன தூங்கிக்கொண்டா போனார் என்று நான் போட்ட கூச்சலில் நாலு வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். பாயின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினேன். என் கணவர் சைக்கிளைப் பிடித்தபடி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். ஆள் வெளுத்துக்கொண்டே போவதைப் பார்த்து, கேரியர் போன துக்கம் இவருக்கும் இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பக்கத்து வீட்டில் ஓர் ஆள் இருந்தார். பழைய ஹோட்டல் வேலைக்காரர், இங்கிலீஷ் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். தன் காதை ஜப்பான்காரனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று ஊரில் பேச்சு. அவர் மெல்ல வந்து என் கணவரிடம், எந்தக் கடலில் சார் போனது என்று கேட்டார். என் கணவர், பிறைக்கும் இதுக்கும் நடுவில்தான் என்றார். அந்த ஆள் தலையாட்டிவிட்டுப் போனார். தலையாட்டின விதம் எனக்கே பிடிக்கவில்லை.

உள்ளே வந்ததும் என் கணவர் கதவைச் சாத்தினார். அம்மியில் எதையாவது அரை என்றார். அரைக்க ஒன்றுமில்லாமல் வெறும் அம்மியில் குழவியை உருட்டினேன். அந்தச் சத்தத்தில் என் காதோடு சொன்னார். போனது சோற்றுக் கேரியர் இல்லை, ஜப்பான்காரனுடைய கப்பல். ஏரோப்பிளேன்களைச் சுமந்துகொண்டு போய், நடுக்கடலிலிருந்து பறக்கவிடுகிற கப்பலுக்கும் இங்கிலீஷில் கேரியர் என்றுதான் பெயராம். பசிபிக் கடலில் அமெரிக்காக்காரனோடு நடந்த ஒரே சண்டையில் அந்த மாதிரி நாலு கப்பல் அடியோடு போய்விட்டதாம். இருந்த பெரிய கேரியர்களில் பாதிக்கு மேல் போனது என்றார்.

"ஏரோப்பிளேன் எத்தினை இருந்தாலும் காவிக்கொண்டு போகக் கப்பல் வேணும். இனி அவன் நினைச்ச இடத்துக்கெல்லாம் போகேலாது," என்றார்.

"இலங்கைக்கு?"

"அங்கயும் இனிப் போகமாட்டான். பிள்ளைக்கு ஒண்டும் வராது."

நான் குழவியை விட்டுவிட்டேன். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அவர் என் வாயைப் பொத்தினார், அவரும் அழுதார். சந்தோஷத்தில் அழுதால் நெஞ்சு லேசாகும் என்று சொல்வார்கள். எனக்கு நெஞ்சு லேசாகிப் பசியே வந்துவிட்டது. மகள் இருக்கிறாள், இருப்பாள், ஒரு நாள் வருவாள் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக நம்பினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கேரியர் கடலில் போகவில்லை. அப்படியானால் நாலு கேரியரும் பாய் தோளில் தொங்கிக்கொண்டு, டங்கு டங்கென்று சத்தம் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் சந்துக்குள் வரப்போகின்றன. பக்கத்து வீட்டு ஆள் அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கேரியர் வந்துவிட்டால், என் கணவர் சொன்ன நாலு கேரியர் எது என்று அந்த ஆளுக்குச் சந்தேகமே இருக்காது.

என் கணவரை வெளியே வரவேண்டாம் என்றேன். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன்.

பள்ளிவாசல் வாசலில் பாயின் காவுதடி சுவரோடு சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் நாலு கேரியரும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தொழுகை முடியும்வரை அங்கேயே நின்றேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பொட்டு வைத்த பெண்பிள்ளை இங்கே எதற்கு நிற்கிறாள் என்று பார்த்தார்கள். எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, கேட்டுக்கொள்ளட்டும் என்று நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பாய் வெளியே வந்து என்னைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். ரேடியோ, கப்பல் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் தலைக்கும் ஆபத்து.

"அண்ணே, இந்த நாலு கேரியரும் மத்தியானமே கடல்ல விழுந்துட்டதா சந்துல எல்லாருக்கும் தெரியும். இதுங்க வீட்டுக்கு வரக்கூடாது."

அவர் கேரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு உசுரு தங்கச்சி?"

"அவரோடது."

பாய் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

ஒளித்து வைத்தால் என்ன என்று வழியில் கேட்டேன். என் பெயர் வெட்டிய பித்தளையை யார் வீட்டில் ஒளிப்பது, சோதனை போட்டால் அந்த வீட்டுக்காரரும் சேர்ந்து போவார் என்றார். சரிதான். பெரிய ஜெட்டியில் ஜப்பான் காவல் நிற்கும் என்பதால், சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் யாரும் போகாத பழைய படித்துறைக்குப் போனோம். அலை ஏறியிருந்தது.

முதல் கேரியரைத் தண்ணீரில் போட்டேன். அது முழுகவில்லை. கொக்கி மாட்டியபடி, வாத்து மாதிரி மிதந்து என்னிடமே திரும்பி வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வீட்டில் அந்த மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இங்கே என் கேரியர் நீச்சல் பழகுகிறது. பாய், கொக்கியைக் கழற்று தங்கச்சி, தண்ணி உள்ளே போகணும்ல என்றார். கொக்கியைக் கழற்றித் தட்டுத் தட்டாக முக்கினேன். ஒவ்வொன்றும் குமிழி விட்டுக்கொண்டு போனது. குழம்பு எண்ணெய் தண்ணீர் மேல் மிதந்தது. கடைசியாக அக்கா கொடுத்த கேரியர் கையில் நின்றது. அதைப் போட மனசு வரவேயில்லை. அதில் மகளுக்குப் பால்சோறு எடுத்துப் போயிருக்கிறேன். பாய் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பாய் செய்ததுதான் பெரிய காரியம். சட்டையோடும் சாரத்தோடும் கழுத்துவரை தண்ணீரில் இறங்கி முங்கி எழுந்தார். சாயங்காலம்வரைக்கும் முங்கித் தேடினேன், கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன், நீ பின்வழியாகப் போ என்றார். நான் வீட்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில், சொட்டச் சொட்ட நனைந்து, வெறும் தடியோடு அவர் சந்துக்குள் வந்தார். நான் அஞ்சடிக்கு வந்து மறுபடியும் அவரைத் திட்டினேன். மத்தியானம் திட்டினது எளிதாக இருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பிடித்துத்தான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ராணுவப் போலீஸ் வந்தது. பக்கத்து வீட்டு ஆள்தான் சொன்னார் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். அன்று மட்டும் அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய், மலாய் பேசுகிற ஒரு மொழிபெயர்ப்பாளர். என் கணவரை அஞ்சடியில் முழங்காலில் உட்கார வைத்தார்கள். சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு பின்னால் நின்றான்.

நேற்று இந்த வீட்டில் நாலு கேரியர் மூழ்கியதாகச் சொன்னது யார் என்று மொழிபெயர்ப்பாளர் மலாயில் கேட்டார். கேரியர் என்ற சொல்லை மட்டும் அதிகாரியே இங்கிலீஷில் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். எனக்கு நடிக்கத் தெரியாது. ஆனால் அன்று நடிக்க வேண்டியிருக்கவில்லை. கேரியர் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா கொடுத்தது கண்ணுக்கு முன்னால் குமிழி விட்டுக்கொண்டு போனது. வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே உள்ளே போய், மிச்சமிருந்த இரண்டு கேரியரையும் கொண்டுவந்து அதிகாரியின் பூட்ஸ் முன்னால் வைத்தேன். இது மாதிரி நாலு துவான், பிறைக்குச் சோறு போகிற நாலும் போய்விட்டது, இனி நான் எப்படி அனுப்புவேன் என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், ஐயா என்பதற்குத் துவான் போட்டுச் சொன்னேன்.

அதிகாரி குனிந்து கொக்கியைக் கழற்றினார். தட்டுத் தட்டாகப் பிரித்துப் பார்த்தார். அடியில் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தார். என்ன எழுத்து என்று கேட்டார், என் பெயர் என்றேன். பிறகு சந்துப் பெண்களைக் கேட்டார்கள். கேட்கவே வேண்டியதில்லை. நான் பாயை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை, நான் சொல்லாத சிலதையும் சேர்த்து, ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு சொன்னார்கள்.

கடைசியாகப் பாயைக் கூட்டி வந்தார்கள். கால் வழுக்கிவிட்டது துவான், என் தப்புதான் என்று அவர் குனிந்தார். அதிகாரி அவரைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். இன்னொரு தடவையும் அறைந்தார். ஒப்படைத்த பொருளைப் பத்திரமாகக் கொண்டுபோகத் தெரியாதவனுக்கு இது தண்டனை என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். பாய் ஆடாமல் நின்று மறுபடியும் குனிந்தார். அந்த அறை என் கணவருக்கு வந்திருக்க வேண்டியது. அறையோடு நிற்காமல் வந்திருக்க வேண்டியது. இன்றைக்கும் அந்தச் சத்தம் ஞாபகம் வந்தால் என் கன்னம் சுடுகிறது.

போகும்போது அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, திரும்பி என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். சிப்பாய்களும் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்:

"அழாதேன்னு துவான் சொல்றாரு. நிப்போன்கிட்டயும் நெறைய கேரியர் இருக்காம். அதுங்க முழுகாதாம்."

"ஆமா துவான்," என்றேன்.

அவர்கள் போய் வெகுநேரம் என் கணவர் முழங்காலிலேயே இருந்தார். எழுந்திருக்கச் சொன்னால், கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். பாயும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிக்கொண்டு வந்தது. இனி வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசினால் நானே போய்ச் சொல்லிக் கொடுத்துவிடுவேன் என்றேன். பாயின் கன்னம் வீங்கியிருந்தது. என்ன செய்யட்டும் அண்ணே என்று கேட்டேன். கோப்பி இருந்தா குடு தங்கச்சி என்றார். கோப்பித்தூள் ஏது, சோளத்தை வறுத்து இடித்த தூள்தான் இருந்தது. அதைக் கலக்கிக் கொடுத்தேன். கேவலமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

அந்த அதிகாரி என்னை எப்படி நம்பினார் என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அழுததை நம்பினார், பெயரைப் பார்த்து நம்பினார் என்பதெல்லாம் பாதிதான். அந்தச் சண்டையில் ஜெயித்ததாகத்தான் ஜப்பான்காரன் தன் சொந்த ஜனங்களுக்கே சொல்லியிருந்தானாம். நாலு கப்பல் போனதை அவர்களுடைய ஆட்களிடமே மறைத்துவிட்டார்களாம். ஆகவே உண்மையைச் சொன்னால் அந்த அதிகாரிக்கு அது பைத்தியக்காரப் பேச்சு, நான் சொன்ன சோற்றுக் கேரியர்தான் நடக்கக்கூடிய சங்கதி. அவர்கள் சொன்ன பொய்யில்தான் என் கணவர் பிழைத்தார்.

கேரியர் இல்லாத கஷ்டத்தை நாங்கள் நன்றாகவே பட்டோம். பிறைக்காரர்களுக்குப் பாக்கு மட்டையில் சோற்றைக் கட்டி அனுப்பிப் பார்த்தேன். குழம்பு வழியிலேயே ஒழுகிவிடும். படகு ஆடினால் சோறும் சிதறிவிடும். கொஞ்ச நாளில் பிறைச் சாப்பாடு நின்றே போனது. சமைக்க நான் இருந்தேன், சாப்பிட அவர்கள் இருந்தார்கள், நடுவில் கடல் இருந்தது, கொண்டுபோக ஒன்றுமில்லை. ஒரு நாள் இதைச் சொல்லிப் புலம்பியபோது என் கணவர், ஜப்பான்காரனுக்கும் இப்போது இதே கஷ்டம்தான் என்றார். கடற்போரைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும். அது போதும் என்று நினைக்கிறேன்.

அதற்காகச் சண்டை உடனே முடிந்துவிடவில்லை. இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் கிழங்கு தின்றோம், குனிந்து வணக்கம் போட்டோம், ரயில் பாதை போட ஆட்களைச் சயாமுக்குப் பிடித்துப் போன கொடுமையைப் பார்த்தோம். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்காரவில்லை. இருந்ததைச் சாப்பிட்டார், படுத்தால் தூங்கினார். மகள் வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று என்னோடு சண்டைகூடப் போட்டார். அந்தச் சண்டை எனக்கு இனித்தது.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகுதான் பாயிடம் முழுக் கதையையும் சொன்னேன். மிட்வே என்ற தீவு, நாலு கப்பல், அந்த நாலில் மூன்று கொழும்புக்கும் திருகோணமலைக்கும் குண்டு போடப் போன அதே கப்பல்கள் என்று பிற்பாடு தெரிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கன்னத்தைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ அவங்க நாலு, நாம நாலு. மொத்தம் எட்டு லா தங்கச்சி," என்றார்.

அதற்கு அடுத்த வருஷம் கப்பல் ஓட்டம் சரியாகி, தெரிந்த ஒரு குடும்பத்தோடு அக்கா மகளை அனுப்பிவைத்தாள். நானும் அவரும் ஜெட்டியில் நின்றோம். பாயும் வந்திருந்தார், தோளில் தடி இல்லாமல். இறங்கினவர்களில் எது என் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை. என் கணவர்தான், நீலச் சட்டை, அந்த நடை என் அம்மா நடை என்று கையை நீட்டினார். ஒல்லியாக, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் பலகையில் மெல்ல மெல்ல இறங்கி வந்தாள். இரண்டு கையாலும் எதையோ நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கிட்ட வந்ததும் பார்த்தேன். புதுப் பித்தளைக் கேரியர். அடியில் அவள் பெயர் வெட்டியிருந்தது.

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை போல. பிறகு பாடம் ஒப்பிப்பது மாதிரிச் சொன்னாள்.

"பெரியம்மா தந்துவிட்டவ. கடல்ல விழுத்திப் போடாமல் கவனமாக் கொண்டு போ எண்டு சொன்னவ. நான் விழுத்தேல்ல."

அக்காவுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. கப்பலில் போகிற பிள்ளைக்கு எல்லாரும் சொல்கிற புத்திதான் சொல்லியிருக்கிறாள். பாய் மட்டும் கடல் பக்கம் திரும்பி நின்றார். என் கணவர் முழங்காலில் உட்கார்ந்தார். இந்தத் தடவை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கேரியரை வாங்கப் போகிறார் என்று நினைத்து அவள் நீட்டினாள். அவர் கேரியரோடு சேர்த்து அவளைத் தூக்கிக்கொண்டார்.